அமீலியா பீபடி நாவல்கள்: கொலையாளியைத் தேடியா, பானை ஓட்டைத் தேடியா?

பதிவு 1 | நைல்படகு

நேற்று ராத்திரி இருபதாவது நாவலையும் முடித்தேன். ஒன்றரை வருஷமாக இந்தக் குடும்பத்தோடு எகிப்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். இனி புதிதாகப் படிக்க ஒன்றும் இல்லை என்பது மனசைக் கனக்க வைக்கிறது. இதைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாகப் பேசி நான் பார்த்ததில்லை, அதனால் இந்த இழை.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக. 1884-இல் அமீலியா பீபடி என்ற 32 வயது ஆங்கிலேயப் பெண், அப்பா விட்டுப்போன சொத்தை வைத்துக்கொண்டு எகிப்துக்குக் கிளம்புகிறாள். அமர்னாவில் தோண்டிக்கொண்டிருக்கும் ராட்கிளிஃப் எமர்சனைச் சந்திக்கிறாள். முதல் நாளிலிருந்தே சண்டை, பிறகு கல்யாணம், பிறகு ரேம்சிஸ் என்ற மகன். ஒவ்வொரு தோண்டும் பருவத்திலும் ஒரு பிணமாவது விழும். கதை 1922-23 வரை, அதாவது துத்தன்காமன் கல்லறை திறக்கும் வரை நீள்கிறது.

எழுதியவர் எலிசபெத் பீட்டர்ஸ். இது புனைபெயர், தன் இரண்டு பிள்ளைகளின் பெயரைச் சேர்த்து வைத்துக்கொண்டது. உண்மைப் பெயர் பார்பரா மெர்ட்ஸ். 1952-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எகிப்தியவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அந்தப் படிப்புக்கேற்ற வேலை அமையவில்லை. பொது வாசகர்களுக்காகப் பழைய எகிப்தைப் பற்றி இரண்டு நூல் எழுதினார், அப்புறம் நாவலுக்கு வந்தார். இந்த வரிசையின் முதல் நாவல் 'குரோக்கடைல் ஆன் த சாண்ட்பேங்க்' 1975-இல் வந்தது. அடுத்தது வர ஆறு வருஷம்.

நான் சொல்ல வந்தது இதுதான். கொலையாளி யார் என்பதற்காக இதைப் படித்தால் பாதியிலேயே சலித்துவிடும். உண்மையான மர்மம் மண்ணுக்குள் இருக்கிறது. தங்கம் கிடைத்தால் எமர்சனுக்குப் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. ஒரு பொருள் எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று எழுதி வைக்காமல் எவனாவது பிடுங்கி எடுத்தால் அவருக்கு ரத்தம் கொதிக்கிறது. துப்பறிகிறவனுக்கும் அதே கோபம்தானே வரும்? தடயத்தை இடம் மாற்றியபின் அது வெறும் பொருள்தான்.

ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். முதல் நாவலில் அமர்னாவில் வண்ணம் தீட்டிய தரை ஒன்று வெளிப்படுகிறது. காற்றும் வெயிலும் பட்டால் சுண்ணாம்புப் பூச்சு உதிரும். அமீலியா மரவள்ளி ஜவ்வரிசியைத் தண்ணீரில் கரைத்து அதன் மேல் பூசுகிறாள். இது கற்பனை என்றே நினைத்துப் படித்தேன். பிறகு தேடினால், ஆங்கிலேய அகழாய்வாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1891-இல் அதே அமர்னாவில், அரண்மனைத் தரையில் நிஜமாகவே செய்த வேலை இது. தூரிகை பட்டால் வண்ணம் வந்துவிடும் என்று விரலின் பக்கவாட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினார். நாணல் புதர், துள்ளும் கன்றுக்குட்டி, பறந்தெழும் வாத்து என்று ஒரு சதுப்பு நிலமே அந்தத் தரையில் இருந்தது. தரையில் கால் படாமல் பார்க்க மேலே நடைபாதையும் போட்டு வைத்தார். பார்க்க வந்த கூட்டம் பக்கத்து வயலை மிதித்துப் பயிரைப் பாழாக்கியது. 1912-இல் அந்த வயல்காரர் ஆத்திரத்தில் தரையைக் கொத்திப் போட்டார். மிச்சத் துண்டுகள் கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டபின் அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். முதல் வாசிப்பில் அவள் செய்கிற அந்த வேலையைச் சாதாரணமாகக் கடந்து போயிருந்தேன். இரண்டாவது தடவை முடியவில்லை.

இரண்டு கேள்வி. ஒன்று, புதிதாகத் தொடங்குகிறவருக்கு எந்த வரிசையைச் சொல்வீர்கள்? வெளிவந்த வரிசையா, கதைக்காலத்தின் வரிசையா? இரண்டு, உங்களுக்கு எது உச்சம், எங்கே சரிந்தது?

பதிவு 2 | இரவல்நூல்

நல்ல இழை. ஆனால் துப்பறியும் கதை என்ற வகையில் இதற்கு இவ்வளவு சலுகை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மர்ம நாவல் என்று அட்டையில் போட்டபின் மர்மம் நிற்க வேண்டாமா? அமீலியாவை யாராவது கடத்துகிறார்கள், அவள் குடையால் ஒருவனைச் சாத்துகிறாள், கடைசியில் எமர்சன் கதவை உடைத்துக்கொண்டு வருகிறார். நாலு நாவலில் இதே அடுக்கு. செதோஸ் என்ற மகா திருடன் வந்தபின் எந்தக் குற்றம் நடந்தாலும் அவன் தலையில் கட்டிவிடுகிறாள் அமீலியா.

எனக்கு உச்சம் 'ஹீ ஷால் தண்டர் இன் த ஸ்கை'. 1914-15, முதல் உலகப்போர், கெய்ரோ முழுக்கப் படை. துருக்கியப் படை சூயஸ் கால்வாயைத் தாக்க வருகிறது (அது நிஜமாக நடந்தது 1915 பிப்ரவரியில்). ரேம்சிஸ் போருக்குப் போக மறுத்த கோழை என்று வெள்ளைக்காரர் வட்டமே அவனை ஒதுக்குகிறது. அவன் உண்மையில் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அந்த ஒரு நாவலில் மர்மமும் இருக்கிறது, மனிதர்களும் இருக்கிறார்கள்.

பதிவு 3 | பானையோடு

அகழாய்வில் பானை ஓடு பிரிக்கிற வேலையை சில பருவம் செய்தவள் நான். நைல்படகு சொன்னதை அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

எமர்சன் எந்நேரமும் பானை ஓட்டைப் பற்றியே பேசுவது சிலருக்கு அலுப்பாக இருக்கும். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தால் அலுக்காது. எழுத்தே இல்லாத காலத்துக் கல்லறைகள் எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல வழியில்லாமல் இருந்தது. பெட்ரி ஒவ்வொரு கல்லறையிலும் எந்தெந்த வகைப் பானை சேர்ந்து கிடந்தது என்று சீட்டில் எழுதி, அந்தச் சீட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, ஒரு வகை மெல்ல இன்னொன்றாக மாறுகிற ஒழுங்கைக் கண்டுபிடித்தார். அலை அலையாகப் பிடி வைத்த பானை ஒன்று உண்டு. பிடி முதலில் பிடிக்க உதவுகிற மாதிரி புடைத்துக்கொண்டு இருக்கும். பின்னால் வரவர அது தேய்ந்து, கடைசியில் வெறும் அலங்காரக் கோடாகிவிடும். பிடியைப் பார்த்து முன்பின் சொல்லிவிடலாம். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை அவர் வகுத்தார். ஆண்டுக்கணக்கு தராது, வரிசை தரும். சாட்சி சொல்ல ஆள் இல்லாத இடத்தில் இதைவிடப் பெரிய துப்பு வேறு என்ன வேண்டும்?

ஓடு பிரிக்க உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், தட்டு தட்டாக விளிம்புத் துண்டு வரும். கழுவிக் காயவைத்து, விளிம்பு தனி, அடிப்பாகம் தனி, உடல்துண்டு தனி. நாள் முழுக்க ஒன்றும் இல்லாமல் போகும். திடீரென்று ஒரு துண்டின் உட்பக்கத்தில், வனைந்தவரின் விரல் ஈரமண்ணில் இழுத்த தடம் அப்படியே இருக்கும். என் விரலை அதில் வைத்துப் பார்த்திருக்கிறேன், சரியாகப் பொருந்தியது. இந்த நாவல்களை எழுதியவருக்கு அந்த உணர்வு தெரியும் என்று எனக்கு நிச்சயம்.

எனக்குப் பிடித்தது 'த மம்மி கேஸ்'. எமர்சனுக்கு தாஷூர் பிரமிடுகள் வேண்டும். தொல்பொருள் துறைத் தலைவர் ஜாக் த மோர்கன் அதைத் தானே எடுத்துக்கொண்டு, எமர்சனுக்கு மஸ்கூனாவைக் கொடுக்கிறார். அங்கே இருப்பது இடிபாட்டுக் குவியல். த மோர்கன் அந்தப் பருவங்களில் (1894-95) தாஷூரில் இளவரசிகளின் நகைகளை எடுத்தது வரலாறு. பக்கத்தில் அவர் தங்கத்தை அள்ள, இவர்கள் கல்லையும் தூசியையும் சலிக்கிறார்கள்.

பதிவு 4 | செவிவழி

ஒலிநூலாகக் கேட்டவர்கள் யாரும் இல்லையா? பார்பரா ரோசன்பிளாட் வாசித்தது. அவர் குரலில்தான் எமர்சன் கத்துவதைக் கேட்க வேண்டும். நான் இந்த வரிசையை முழுக்கக் காதால் படித்தவன். பெயர்களின் எழுத்துக்கூட்டல் இன்றுவரை தெரியாது, மன்னிக்கவும்.

பதிவு 5 | மறுகரை

எல்லோரும் ரசித்துப் பேசுகிறீர்கள், நானும் ஒன்பது நாவல் ரசித்துப் படித்தவன்தான். பிறகு நிறுத்திவிட்டேன். காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

1882-இல் பிரிட்டன் எகிப்தைப் படையோடு வந்து பிடித்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் அமீலியா அலெக்சாந்திரியாவில் கால் வைக்கிறாள். அவள் எந்தத் தடையும் இல்லாமல் நடமாடுவதும், ஊர்த் தலைவரை அதட்டுவதும், நோயாளிகளை வரிசையில் நிறுத்தி மருந்து கொடுப்பதும் அந்தப் படை இருப்பதால்தான். கிடைத்த பொருளில் பாதி அருங்காட்சியகத்துக்கு, பாதி தோண்டினவருக்கு என்ற பங்கீட்டு முறையை எமர்சனே ஏற்றுக்கொண்டு நடக்கிறார். யாருடைய பொருளை யார் பங்கு பிரிப்பது? முந்நூறு பக்கத்தில் அந்தக் கேள்வியை ஓங்கிக் கேட்க ஒரு எகிப்தியருக்கும் வாய்ப்பில்லை. எமர்சனின் வேலையாட்களுக்குத் தலைவரான அப்துல்லா நல்லவர், விசுவாசி, வீரர். முதலாளியம்மாவுக்கு வேண்டிய மாதிரி நல்லவர்.

பெண் சுதந்திரத்தைப் பற்றி அமீலியா பேசுவது அழகு. ஆனால் அந்த சுதந்திரத்தின் சுமையைத் தூக்கி நடக்கிற கழுதைக்காரச் சிறுவனுக்குப் பெயர் கூட இல்லை.

பதிவு 6 | நைல்படகு

மறுகரை அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு வருகிறேன்.

முதல் நாலைந்து நாவல் வரை நீங்கள் சொல்வது சரி. அமீலியா தன் குறிப்பேட்டில் எழுதுவதைத்தான் நாம் படிக்கிறோம். அவள் கண்ணுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் நிறுத்திய இடத்துக்கு அடுத்த நாவல் 'த ஏப் ஹூ கார்ட்ஸ் த பேலன்ஸ்'. (கதை உடையும், படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள்.) அப்துல்லாவின் பேரன் டேவிட்டும் எமர்சனின் தம்பி மகள் லியாவும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். டேவிட்டைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்ததாகப் பெருமைப்பட்ட அமீலியா அதிர்ந்துபோகிறாள். தன் மனசுக்குள் இப்படி ஒன்று கிடந்ததா என்று அவளே பார்க்க வேண்டி வருகிறது. இருபது வருஷத்துக்கு மேல் தன்னை நியாயவாதி என்று எழுதிக்கொண்டவளை அந்த இடத்தில் நிறுத்தியது எளிதான காரியம் இல்லை. அதே நாவலில்தான் அப்துல்லா அமீலியாவுக்குப் பாய வந்த குண்டைத் தான் வாங்கிக்கொண்டு சாகிறார். அதை நான் இரவு இரண்டு மணிக்குப் படித்து அழுதேன். அது 'விசுவாசியின் சாவு' என்ற பழைய வார்ப்புதான் என்று நீங்கள் சொன்னால், மறுக்க என்னிடம் பதில் இல்லை. அழுததும் உண்மை.

பங்கீட்டைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நாவல் பதில் தரவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

பதிவு 7 | பானையோடு

மறுகரை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அப்துல்லா செய்கிற வேலைக்கு 'ரயிஸ்' என்று பெயர், வேலையாட்களின் தலைவர். பெட்ரி 1893-94-இல் குஃப்த் என்ற ஊரில் பழக்கிய ஆட்களின் வழிவந்தவர்கள் இன்றைக்கும் எகிப்து அகழாய்வுகளில் 'குஃப்தி' என்ற பெயரில் கைதேர்ந்தவர்களாக மதிக்கப்படுகிறார்கள். மண்ணின் நிறம் மாறுவதை, செங்கல்லுக்கும் இடிந்த மண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை, கொல்லறு நுனியில் கண்டுபிடிக்கிறவர்கள் அவர்கள். அறிக்கையில் பெயர் வருவது தோண்டுகிற அனுமதி வாங்கினவருடையது. துத்தன்காமன் கல்லறையில் அதைக் கண்டுபிடித்த கார்ட்டரோடு வேலை செய்த ரயிஸ் அகமது கெரிகரை எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் கணக்கில், ஒரு ரயிஸை இந்த வரிசையின் நடுக்கூடத்தில் உட்கார வைத்து, செத்த பின்னும் அமீலியாவின் கனவில் வந்து பேச வைத்த எழுத்தாளருக்கு நான் நன்றி சொல்வேன். போதாது என்பது வேறு பேச்சு.

பதிவு 8 | இரவல்நூல்

வயசுக் கணக்கை யாரும் கேட்கவில்லையே. 1884-இல் 32 என்றால் 1922-இல் அமீலியாவுக்கு 70. எழுபது வயதில் குடையைச் சுழற்றிக்கொண்டு பாறை ஏறுகிறாள். முதல் நாவலை எழுதியபோது இது வரிசையாகும் என்று நினைத்திருக்க மாட்டார் என்பது என் ஊகம். வருஷத்தைத் துல்லியமாகப் போட்டுவிட்டதால் பின்னால் நகர முடியவில்லை.

பதிவு 9 | மண்ணடுக்கு

தாமதமாக வருகிறேன். இவ்வளவு நேரம் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு இந்த வரிசையில் பெரிய அதிசயமே அதுதான்.

எமர்சன் எகிப்திலேயே தலைசிறந்த அகழாய்வாளர் என்பது கதை. ஆனால் நிஜ வரலாற்றில் அப்படி ஒருவர் இல்லை. அவர் ஏதாவது பெரிதாகக் கண்டுபிடித்தால் வரலாறு பொய்யாகிவிடும். எழுதுகிறவர் எகிப்தியவியல் படித்தவர், பொய் சொல்ல மாட்டார். என்ன செய்கிறார்? வரலாற்றில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே தன் ஆட்களை நுழைக்கிறார். பானையோடு சொன்ன மஸ்கூனாவில் நிஜமாக முறைப்படி தோண்டியது 1910-11-இல் எர்னஸ்ட் மக்கே. 1894-இல் அங்கே யாரும் இல்லை, அதனால் எமர்சனை அங்கே உட்கார வைக்க முடிந்தது. 'த ஹிப்போபொட்டாமஸ் பூல்' நாவலில் அரசி தெட்டிஷெரியின் கல்லறை. அது இதுதான் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய கல்லறை இன்றுவரை கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவள் சிலை என்று நெடுநாள் கொண்டாடப்பட்டது போலி என்று 1984-இல் வெளிப்பட்டது. அந்தச் சிலையும் நாவலுக்குள் வருகிறது.

ஓட்டை இல்லாத இடத்தில் எமர்சனை வேலிக்கு வெளியே நிறுத்துகிறார். 1907 ஜனவரி, அரசர்கள் பள்ளத்தாக்கு, இன்று கேவி 55 என்கிறோமே அந்தக் கல்லறை. பணம் தியோடர் டேவிஸுடையது, தோண்டியவர் எட்வர்ட் அயர்ட்டன். நடைவழியில் தங்கத் தகடு போர்த்திய மரப்பலகை கிடந்தது. அதை எடுக்காமல், அதற்கு மேலே கட்டையைப் பாலம் மாதிரி போட்டு ஆட்கள் ஊர்ந்து உள்ளே போனார்கள். வெளிக்காற்று பட்டதும் தங்கம் உதிரத் தொடங்கிவிட்டது. மம்மியைப் பிரித்தபோது தொட்ட இடமெல்லாம் பொடியானது. அரசி தியே என்றார் டேவிஸ், அந்தப் பெயரிலேயே 1910-இல் நூலும் போட்டார். எலும்பைப் பார்த்த உடற்கூறு வல்லுநர் எலியட் ஸ்மித் இது ஆண் என்றார். அரசன் அக்கெனாத்தனா, அரசன் ஸ்மென்க்கரேயா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. உள்ளே நுழைந்த நாளில் எது எங்கே கிடந்தது என்று ஒழுங்காக வரைந்து வைத்திருந்தால் இந்தச் சண்டையில் பாதி இருந்திருக்காது.

'த ஏப்' நாவலில் எமர்சன் இதையெல்லாம் பக்கத்திலேயே இருந்து பார்க்கிறார். உரிமை அவருடையது இல்லை. கெஞ்சுகிறார், கத்துகிறார், எதுவும் நடக்கவில்லை. இரவல்நூல் கேட்ட மர்மம் அங்கேதான் இருக்கிறது தோழர். பிணம் இருக்கிறது, அடையாளம் தெரியவில்லை, தடயத்தை மிதித்தவர்கள் கண்ணெதிரே நிற்கிறார்கள்.

பதிவு 10 | இரவல்நூல்

மண்ணடுக்கு, இந்தக் கோணத்தில் நான் பார்க்கவே இல்லை. 'த ஏப்' நாவலை மறுபடி எடுக்கப் போகிறேன். கடத்தல் அடுக்கைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கமாட்டேன், அது அப்படியே நிற்கட்டும்.

பதிவு 11 | நைல்படகு

என் முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். வெளிவந்த வரிசையில் படியுங்கள். 'கார்டியன் ஆஃப் த ஹொரைசன்' 2004-இல் வந்தது, கதை நடப்பது 1907-08. 'எ ரிவர் இன் த ஸ்கை' 2010-இல் வந்தது, கதை 1910, பாலஸ்தீனத்தில். இரண்டும் 'த ஃபால்கன் அட் த போர்ட்டல்' நாவலுக்கு முந்திய காலம். கதைக்கால வரிசையில் இவற்றை நடுவில் செருகினால், ரேம்சிஸுக்கும், எமர்சன் வீட்டில் வளரும் நெஃப்ரெட்டுக்கும் இடையே நாலு நாவலாகக் கட்டி வந்த தவிப்பு தளர்ந்துவிடுகிறது. நான் ஒரு தோழிக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருத்தப்பட்டேன்.

கடைசி நாவல் 'த பெயிண்டட் குவீன்' தனி. 1912-13, அமர்னாவில் ஜெர்மானிய அகழாய்வாளர் போர்ஷார்ட்டின் குழு நெஃபர்டிட்டியின் தலைச்சிலையை எடுத்த பருவம். பார்பரா மெர்ட்ஸ் 2013 ஆகஸ்டில் காலமானார். பாதியில் நின்றதை அவர் தோழியான ஜோன் ஹெஸ் முடித்து, 2017-இல் வெளிவந்தது. நடை வேறு என்று எந்தப் பக்கத்திலும் உணரலாம். எனக்கு அதில் குறை சொல்ல மனம் வரவில்லை. அமர்னாவில் தொடங்கிய வரிசை அமர்னாவுக்கே திரும்பியது.

பதிவு 12 | மறுகரை

பத்தாவதை இன்று எடுத்தேன். டேவிட், லியா வருகிற இடம் வரை போய்விட்டு எழுதுகிறேன். இப்போதைக்கு வேறெதுவும் சொல்லமாட்டேன்.

பதிவு 13 | புதுவாசகி

வணக்கம். இந்த இழையைப் பார்த்துத்தான் முதல் நாவலைத் தொடங்கினேன். அமர்னாவுக்கு வந்துவிட்டேன். தரை ஓவியம் இப்போதுதான் வெளிப்பட்டிருக்கிறது, அமீலியா ஜவ்வரிசி கரைத்துக்கொண்டிருக்கிறாள். நிஜத் தரைக்கு என்ன ஆனது என்று பதிவு 1-இல் படித்துவிட்டேன் அல்லவா, பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை. கன்றுக்குட்டி இருக்கிற பக்கத்திலேயே அடையாளம் வைத்து மூடியிருக்கிறேன்.